சாலைப் பைக் தடப் பைக்கான வரலாறு

பொதுச் சாலையில் ஓட்டுவதற்காகத் தயாரித்து விற்கப்பட்ட மோட்டார் சைக்கிளை, மூடிய பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டுவதற்கு ஏற்றபடி மாற்றியமைத்தால் அது தடப் பைக் எனப்படும். பந்தயத்துக்கென்றே தொழிற்சாலையில் உருவாகும் வண்டிகள் வேறு வகை. அவற்றுக்கு விளக்கு இல்லை, பதிவு எண் இல்லை, சாதாரண ஷோரூமில் அவை கிடைப்பதும் இல்லை. தடப் பைக்கின் கதை ஷோரூமில்தான் தொடங்குகிறது. பணம் கட்டி எடுத்த புத்தம் புதிய ஸ்போர்ட்ஸ் பைக்கை ஒருவர் நேராகப் பட்டறைக்குக் கொண்டுபோய், அதன் ஹெட்லைட், கண்ணாடி, இண்டிகேட்டர், ஹாரன், சைடு ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றி வைக்கிறார்.

பார்ப்பவர்களுக்கு இது காசைக் கரியாக்கும் வேலையாகத் தோன்றலாம். ஆனால் இந்தப் பழக்கத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் வயது. வேகத்துக்காகவே இதெல்லாம் செய்யப்படுகிறது என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மை. இன்று ஒரு தடப் பைக்கில் கழற்றப்படும், மாட்டப்படும் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவற்றில் பல வண்டியின் வேகத்தை ஒரு துளிகூடக் கூட்டுவதில்லை என்பது தெரியும். அவை பின்னால் வருகிறவரின் உயிருக்காகச் செய்யப்படுபவை. வேகத்துக்காகத் தொடங்கிய வேலை எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மான் தீவும் கழற்றக் கூடாத மட்கார்டும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் சாலை வேக வரம்பு மணிக்கு 20 மைல், அதாவது சுமார் 32 கிலோமீட்டர். சாலையை மூடிப் பந்தயம் நடத்த அங்கே சட்டம் இடம் தரவில்லை. அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே உள்ள மான் தீவு தனக்கென்று தனி நாடாளுமன்றம் கொண்டது. அங்கே அனுமதி கிடைத்தது. 1907 மே 28 அன்று முதல் டூரிஸ்ட் டிராபி மோட்டார் சைக்கிள் பந்தயம் அத்தீவின் பொதுச் சாலைகளில் நடந்தது.

பெயரில் உள்ள டூரிஸ்ட் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பயணத்துக்குப் பயன்படும் சாதாரண வண்டிகளுக்கான போட்டியாகவே அது திட்டமிடப்பட்டது. முறையான இருக்கை, மட்கார்டு, சைலன்சர் ஆகியவை வண்டியில் இருந்தாக வேண்டும். எரிபொருளுக்கும் கணக்கு உண்டு. ஒற்றை சிலிண்டர் வண்டி ஒரு கேலனுக்கு 90 மைலும், இரட்டை சிலிண்டர் வண்டி 75 மைலும் ஓட வேண்டும். ஒற்றை சிலிண்டர் பிரிவில் மேட்ச்லெஸ் வண்டியில் சார்லி காலியர் வென்றார். அவருடைய சராசரி வேகம் மணிக்கு சுமார் 61 கிலோமீட்டர். இரட்டை சிலிண்டர் பிரிவில் நார்ட்டன் வண்டியில் ரெம் ஃபௌலர் வென்றார். வண்டிகளில் மிதிகட்டைகள் இருந்த காலம் அது. ஏற்றத்தில் எஞ்சின் திணறினால் காலால் மிதித்து உதவலாம். அடுத்த ஆண்டே மிதிகட்டைக்குத் தடை வந்தது.

ஆக, சாலை வண்டியைப் பந்தயத்துக்குக் கொண்டுபோவது பற்றிய முதல் விதிகளே எதையெல்லாம் கழற்றக் கூடாது என்று சொன்ன விதிகள்தாம். அவை நீண்ட நாள் நிலைக்கவில்லை. வெற்றி விற்பனையைக் கூட்டுகிறது என்று தெரிந்ததும் நிறுவனங்கள் பந்தயத்துக்கென்றே தனி வண்டிகளைச் செய்யத் தொடங்கின. டூரிஸ்ட் என்ற சொல் பெயரில் மட்டும் மிஞ்சியது.

அதே 1907இல் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் புரூக்லண்ட்ஸ் என்ற கான்கிரீட் தடம் திறக்கப்பட்டது. சரிந்து உயரும் வளைவுகளைக் கொண்ட அத்தடத்தில் ஓடிய வண்டிகளின் இரைச்சலைப் பொறுக்க முடியாமல் சுற்றுவட்டார மக்கள் புகார் செய்ததால், பெரிய சைலன்சர் பொருத்துவது பின்னர் கட்டாயமாயிற்று. தடத்தில் ஓடும் வண்டிக்கு வேகத்தைக் குறைக்கும் ஒரு பொருளை மாட்டச் சொன்ன பழைய விதிகளில் இது ஒன்று. இன்றும் பல தடங்களில் ஒலி அளவைக் கருவியால் சோதித்த பிறகே வண்டியை உள்ளே விடுகிறார்கள்.

கோல்ட் ஸ்டார்

புரூக்லண்ட்ஸில் நடக்கும் பந்தயத்தில் ஒரு சுற்றை மணிக்கு 100 மைலுக்கு மேல் சராசரி வேகத்தில் முடிப்பவருக்குத் தங்க நட்சத்திரம் பதித்த சிறு சட்டை ஊசி தருவது வழக்கம். 1937இல் வால் ஹாண்ட்லி பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் எம்பயர் ஸ்டார் வண்டியில் அதைப் பெற்றார். அடுத்த ஆண்டு அந்நிறுவனம் வெளியிட்ட புதிய வண்டிக்கு கோல்ட் ஸ்டார் என்றே பெயர் வைத்தது. தடப் பைக் வரலாற்றில் இந்த வண்டிக்கு உள்ள இடம் பெரிது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் நடந்துகொண்டிருந்தது. தனிப் பந்தய வண்டி வாங்கும் வசதி சாதாரண ஓட்டுநருக்கு இல்லை. அவர்களுக்காக 1947இல் மான் தீவில் கிளப்மேன்ஸ் டி.டி. என்ற போட்டி தொடங்கியது. நிறுவனத்தின் விலைப்பட்டியலில் உள்ள சாலை வண்டிதான் ஓட வேண்டும். விளக்குகளைக் கழற்றிக்கொள்ளலாம், ஆனால் கிக்கர் இருக்க வேண்டும். வார நாள்களில் வேலைக்குப் போய்வரும் வண்டியிலேயே போட்டிக்கும் போகலாம் என்பதே இதன் நோக்கம்.

கோல்ட் ஸ்டார் இந்த விதிக்கு அளவெடுத்துத் தைத்தது போல அமைந்தது. வாங்குபவர் சாலைக்கு வேண்டுமா, போட்டிக்கு வேண்டுமா என்று சொன்னால் அதற்கேற்ற கேம், கியர் விகிதம், கார்புரேட்டர், சைலன்சர் ஆகியவற்றோடு வண்டி வரும். எஞ்சினைச் சோதனை மேடையில் ஓட்டி அளந்த திறன் விவரத் தாளும் உடன் வரும். விளைவு, சில ஆண்டுகளில் போட்டிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் அதே வண்டியோடு வந்தார்கள். 1956இல் பெர்னார்ட் காட் ஜூனியர், சீனியர் என இரு பிரிவிலும் கோல்ட் ஸ்டாரிலேயே வென்றார். அந்த ஆண்டோடு கிளப்மேன்ஸ் டி.டி. நின்றுபோனது.

சாலை வண்டிக்கான போட்டிகளை விடாமல் துரத்தும் நோய் இது. சாலை வண்டிதான் ஓட வேண்டும் என்று விதி எழுதினால், யாராவது ஒருவர் பந்தய வண்டியைச் செய்து அதற்கு ஒரு விளக்கையும் மாட்டி, சாலை வண்டி என்று விற்பார். பிறகு வந்த ஐம்பது ஆண்டுகளில் இது மீண்டும் மீண்டும் நடந்தது.

டேடோனாவிலிருந்து ஜி.எஸ்.எக்ஸ்-ஆர் வரை

1969இல் ஹோண்டா சி.பி.750 வந்தபின் நான்கு சிலிண்டர் கொண்ட பெரிய ஜப்பானிய வண்டிகள் அமெரிக்கச் சந்தையை நிறைத்தன. அவற்றின் எஞ்சின் வலுவை அவற்றின் சட்டமே தாங்காது. வேகமாகத் திருப்பினால் வண்டி நெளியும். எனவே அமெரிக்கப் பட்டறைகளில் தடப் பைக் செய்வது என்பது முதலில் வெல்டிங் வேலையாகவே இருந்தது. சட்டத்தின் மூலைகளில் குழாய்த் துண்டுகளையும் தகடுகளையும் வைத்துப் பற்றவைத்து இறுக்குவார்கள்.

1976இல் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் சூப்பர்பைக் என்ற பிரிவைத் தேசிய அளவில் தொடங்கியது. தோற்றத்தில் வண்டி ஷோரூம் வண்டி போலவே இருக்க வேண்டும் என்பதால், வீரர்கள் உயர்ந்த அகன்ற ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்து பறந்தார்கள். டேடோனாவில் நடந்த முதல் பந்தயத்தில் யாரும் எதிர்பாராதபடி பி.எம்.டபிள்யூ ஆர்90எஸ் வண்டிகள் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தன. ஸ்டீவ் மெக்லாக்லின் தன் அணித் தோழர் ரெஜ் பிரிட்மோரை முந்தியது எவ்வளவு நூலிழையில் என்றால், வெற்றியைப் புகைப்படத்தைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அந்த ஆண்டின் பட்டத்தை பிரிட்மோர் பெற்றார்.

பிரிட்டனில் யமாஹா வேறொரு வழியைக் காட்டியது. 1981இல் ஆர்.டி.350 எல்.சி. வண்டிகளை வைத்து இளம் வீரர்களுக்காக நடத்திய தொடரில் எல்லா வண்டிகளும் ஒன்றுபோல இருந்தன. எந்த வண்டி யாருக்கு என்பதை, தொப்பிக்குள் போட்ட சாவிகளைக் குலுக்கி எடுத்து முடிவு செய்தார்கள். பட்டறையில் யார் அதிகம் செலவழித்தார் என்ற கேள்விக்கே இடமில்லை. வண்டி தமக்குச் சொந்தமில்லை என்பதால் ஓட்டுநர்கள் கொஞ்சம் தாராளமாகவே மோதிக்கொண்டார்கள் என்பது வேறு கதை.

இந்த ஓட்டத்தின் திசையே மாறியது 1985இல். நெடுந்தூரப் பந்தயங்களில் ஓடிய தன் வண்டியின் வடிவத்தைப் பின்பற்றி சுசூகி ஜி.எஸ்.எக்ஸ்-ஆர்750 பைக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அலுமினியச் சட்டம், எண்ணெயால் குளிரும் எஞ்சின், முழு ஃபேரிங், திரவங்கள் இல்லாமல் 180 கிலோவுக்கும் குறைந்த எடை என எல்லாமே பந்தய வண்டியின் அடையாளங்கள். அதுவரை சாலை வண்டியை வாங்கி, பந்தய வண்டியின் குணங்களை அதில் ஏற்ற வேண்டியிருந்தது. இதிலோ, சாலைக்காக ஏற்றப்பட்டவற்றைக் கழற்றினால் போதும் என்ற நிலை வந்தது.

1988இல் மெக்லாக்லினின் முயற்சியால் உலக சூப்பர்பைக் சாம்பியன்ஷிப் பிறந்தது. விதி எளியது. பந்தயத்தில் ஓட வேண்டுமானால், அந்த மாடலைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பொதுமக்களுக்கு விற்றிருக்க வேண்டும். கோல்ட் ஸ்டார் காலத்து நோய் உலக அளவில் திரும்பி வந்தது. ஹோண்டாவின் வி.எஃப்.ஆர்750ஆர், அதாவது ஆர்.சி.30, டைட்டானியக் கனெக்டிங் ராடுகளோடும், சக்கரத்தை நொடிகளில் மாற்ற உதவும் ஒற்றைப் பக்க ஸ்விங் ஆர்மோடும் வந்தது. அதன் முதல் கியரே பந்தயத்துக்கென அமைந்திருந்ததால், ஊருக்குள் ஓட்டினால் கிளட்ச்சைத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். ஃப்ரெட் மெர்க்கல் அதில் முதல் உலகப் பட்டத்தை வென்றார். பின்னர் வந்த ஹோண்டா சி.பி.ஆர்.900ஆர்.ஆர்., யமாஹா ஆர்1 போன்ற வண்டிகள் இத்தகைய அருஞ்சரக்கைச் சாதாரணச் சந்தைச் சரக்காக்கின. இன்று நாம் ஸ்போர்ட்ஸ் பைக் என்று அழைப்பவை இந்த வழியில் வந்தவை.

சோழவரம்

இந்தியாவில் இந்த வரலாற்றுக்குச் சென்னையே முக்கியமான இடம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல்லாண்டுகள் பந்தயங்கள் நடத்தியது. அகலமான, மேடு பள்ளமற்ற ஓடுதளம் அது. ஆனால் பந்தயத்துக்காகக் கட்டப்பட்டதல்ல.

இங்கே தடப் பைக் செய்வது ஆசையால் மட்டும் வந்ததல்ல, வேறு வழியே இருக்கவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிறைந்த காலத்தில் பந்தய வண்டியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது மிகச் சிலரால் மட்டுமே முடிந்தது. மற்றவர்களுக்கு புல்லட், ஜாவா, யெஸ்டி ஆகியவையே கதி. பால்காரரும் காவல்துறையும் ஓட்டிய அதே வண்டிகள்தாம். 1983இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமாஹா ஆர்.டி.350யை ராஜ்தூத் பெயரில் தயாரித்தபோது பந்தயக்காரர்களுக்கு ஒரு விருந்து கிடைத்தது. ஆனால் வெளிநாட்டு ஆர்.டி.யின் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருக்க, இந்திய வண்டிக்கு இரு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். எஞ்சின் திறனும் குறைக்கப்பட்டிருந்தது.

இரட்டை வீச்சு எஞ்சின், அதாவது டூ ஸ்ட்ரோக், ஏழைப் பட்டறையின் நண்பன். அதில் வால்வுகள் இல்லை. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளின் வழியாகவே கலவை உள்ளே வந்து புகை வெளியே போகிறது. அத்துளைகளின் உயரத்தையும் அகலத்தையும் அரத்தால் ராவி மாற்றினால் எஞ்சினின் குணமே மாறிவிடும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் மேல்வேகத்தில் திறன் ஏறும், கீழ்வேகத்தில் வண்டி செத்தது போல நிற்கும். தவறாக ராவிய சிலிண்டரை மீட்பது கடினம் என்பதால் மெக்கானிக்கின் கை நிதானமே எல்லாம்.

சைலன்சரும் அப்படித்தான். நடுவில் பருத்து முனையில் சுருங்கும் குழாயில் ஓடும் அழுத்த அலை திரும்பி வந்து, வெளியேற முயலும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. இந்த நுட்பத்தைச் செம்மைப்படுத்தியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனப் பொறியாளர் வால்டர் காடன். 1961இல் அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டைவிட்டுத் தப்பி சுசூகியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே சுசூகி 50 சிசி உலகப் பட்டத்தை வென்றது. ஒரு நாட்டின் ரகசியமாக இருந்த குழாய் வடிவம், இருபது ஆண்டுகளுக்குள் எந்த ஊர்ப் பட்டறையிலும் தகரத்தை வளைத்துச் செய்துகொள்ளக்கூடியதாகிவிட்டது.

1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரத் தடம் திறக்கப்பட்டது. ஓசூரைச் சேர்ந்த டி.வி.எஸ். 1982 முதலே பந்தய அணி வைத்திருந்தது. 2008இல் யமாஹா ஆர்15 வந்தபின் மாணவர் ஒருவர்கூட எட்டிப்பிடிக்கக்கூடிய விலையில், திரவத்தால் குளிரும் எஞ்சினும் நல்ல சட்டமும் கொண்ட வண்டி கிடைத்தது. 2017 இறுதியில் ஓசூரிலிருந்தே டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர்.310 வந்தது. ஒரே மாடல் வண்டிகள் மட்டும் ஓடும் போட்டிகள் வழியாக இவ்வண்டிகள் இருங்காட்டுக்கோட்டையிலும், கோயம்புத்தூரின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் தடப் பைக்குகளாக ஓடுகின்றன.

புது வண்டி தடப் பைக்காகும் முறை

இன்று இதைச் செய்பவர் முதலில் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. புது எஞ்சினின் உள்பாகங்கள் ஒன்றோடொன்று பதியும்வரை, உரிமையாளர் கையேட்டில் சொன்ன தூரத்துக்கு, நிதானமாக ஓட்ட வேண்டும். அதன்பின் எண்ணெயை மாற்றிவிட்டு ஸ்பேனரை எடுக்கலாம்.

முதலில் கழலுவது மேலுறை. நிறுவனம் தரும் பளபளப்பான பிளாஸ்டிக் ஃபேரிங் விலை உயர்ந்தது, ஒரு முறை சறுக்கினாலே உடையும். அதைப் பத்திரமாகக் கழற்றி வைத்துவிட்டு கண்ணாடி இழையில் செய்த மலிவான உறையை மாட்டுவார்கள். கழற்றிய புதுப் பாகங்களுக்குத் தனிச் சந்தை உண்டு. சாலையில் விழுந்து வண்டியை உடைத்துக்கொண்டவர்கள் அவற்றைத் தேடி வாங்குவார்கள். அந்தப் பணத்தில் நல்ல டயர்கள் வாங்கிவிடலாம் என்பது இத்துறையின் பழைய கணக்கு.

புதிய உறையின் அடிப்பகுதியில்தான் இக்கட்டுரையின் தொடக்கத்தில் சொன்னது விளங்கும். சாலை வண்டியின் அடி ஃபேரிங் திறந்திருக்கும். தடப் பைக்கின் அடி உறையோ ஒரு தொட்டி. எஞ்சின் உடைந்தால் அதிலுள்ள எண்ணெய், குளிர்நீர் ஆகியவற்றின் மொத்த அளவில் பாதியையாவது அது பிடித்துவைக்க வேண்டும் என்பது சர்வதேசப் பந்தய விதி. இதனால் வண்டிக்கு எடைதான் கூடும். ஆனால் தடத்தில் கொட்டிய ஒரு கைப்பிடி எண்ணெய் என்ன செய்யும் என்பதை வீரர்கள் அறிவார்கள். 1973 மே 20 அன்று இத்தாலியின் மோன்சாவில் 250 சிசி பந்தயத்தின் முதல் சுற்றிலேயே பல வண்டிகள் மோதி ரென்சோ பசோலினியும், அப்போதைய உலகச் சாம்பியன் ஜார்னோ சாரினனும் இறந்தார்கள். முந்தைய பந்தயத்தில் ஒரு வண்டி சிந்திய எண்ணெயே காரணம் என்று ஒரு சாரார் சொன்னார்கள். பசோலினியின் எஞ்சின் திடீரென இறுகியதே காரணம் என்று இன்னொரு சாரார் சொன்னார்கள். இரண்டில் எது உண்மையானாலும், ஒருவருடைய எஞ்சினில் நேர்ந்தது பின்னால் வந்தவரின் உயிரையும் சேர்த்து எடுத்தது.

எண்ணெய் வடிகால் போல்ட், எண்ணெய் ஃபில்டர், எண்ணெய் மூடி ஆகியவற்றில் சிறு துளையிட்டு, மெல்லிய எஃகுக் கம்பியை முறுக்கிக் கட்டுவதும் இதற்காகவே. விமான எஞ்சின்களிலிருந்து வந்த வழக்கம் இது. போல்ட் தளரும் திசைக்கு எதிராகக் கம்பி இழுக்க வேண்டும். தவறான பக்கம் கட்டினால் கட்டியும் பயனில்லை. புதியவர்கள் பலர் முதல் வாகனச் சோதனையில் திருப்பி அனுப்பப்படுவது இந்த இடத்தில்தான். ரேடியேட்டரில் உள்ள வழவழப்பான குளிர்நீர்க் கலவையை வடித்துவிட்டுத் தண்ணீரை ஊற்றச் சொல்வார்கள். கலவை தார்ப்பரப்பில் சிந்தினால் எளிதில் காயாது, கழுவினாலும் முழுதும் போகாது. தண்ணீர் காய்ந்துவிடும். விளக்கையும் கண்ணாடியையும் கழற்றுவது, உடைந்த சில்லுகள் அடுத்தவரின் டயரைக் கிழிக்கக் கூடாது என்பதற்காக. கழற்ற வசதியில்லாத இடங்களில் நாடாவாவது ஒட்ட வேண்டும்.

ஹேண்டில்பாரின் வலது முனையில் பிரேக் லிவரைச் சுற்றி ஒரு வளைவு பொருத்தப்படுகிறது. 2006இல் பார்சிலோனா அருகே நடந்த மோட்டோ ஜி.பி. பந்தயம் தொடங்கியதும், முதல் வளைவை நெருங்கும்போது செட்டே கிபர்னாவின் பிரேக் லிவர் தன் அணித் தோழர் லோரிஸ் கபிரோசியின் வண்டியில் பட்டு அழுந்தியது. முன்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி தலைகீழாகப் புரள, கிபர்னாவின் கழுத்தெலும்பு முறிந்தது. இன்னும் பலர் விழுந்தார்கள். சில ஆண்டுகளில் இந்த வளைவு அங்கே கட்டாயமாயிற்று. பின்சக்கரச் செயினும் பல்சக்கரமும் சேரும் இடத்தில் மீன் துடுப்பு போன்ற ஒரு தகடு இருக்கும். விழுந்தவரின் விரல்கள் அதற்குள் போகாமல் அது தடுக்கிறது.

இவை முடிந்த பிறகே வேகத்துக்கான வேலைகள். இங்கேயும் புதியவர்கள் எஞ்சினில் தொடங்குகிறார்கள், அனுபவசாலிகள் எஞ்சினைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். இருவரில் யார் சுற்றை விரைவாக முடிப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முதலில் பிரேக். சாலை வண்டியின் ரப்பர்க் குழாய் சூட்டில் உப்பும், பழைய பிரேக் திரவம் ஈரம் ஏறிக் கொதிக்கும். எஃகு வலை போர்த்திய குழாயும் புதிய திரவமும் அதைத் தீர்க்கும். அடுத்து சஸ்பென்ஷன். இருவர் ஏறும் பொருட்டு அமைந்த சுருள்வில்லை, ஓட்டுபவர் ஒருவரின் எடைக்கு ஏற்ப அமைத்தாலே வண்டி வேறு வண்டியாகிவிடும். டயர்களைப் பந்தயத்துக்கு முன் சுமார் 80 டிகிரி செல்சியஸ் வரை போர்வை போன்ற கருவியால் சூடாக்குவார்கள். குளிர்ந்த பந்தய டயர் முதல் வளைவிலேயே ஆளைக் கீழே தள்ளும்.

கியரைத் தலைகீழாக மாற்றுவது ஒரு சிறு வேலை, ஆனால் அழகான வேலை. சாலை வண்டியில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. தடப் பைக்கில் முதல் கியர் மேலே, மற்றவை கீழே. இடதுபுறம் சாய்ந்தபடி வளைவிலிருந்து வெளியேறும்போது கியரை ஏற்ற வேண்டுமானால், லிவருக்கு அடியில் கால்விரலை நுழைக்க இடமிருக்காது, தரை உரசும். மேலிருந்து மிதிப்பது எளிது.

பதிவு எண்ணும் ஆர்6 பைக்கும்

இப்படி மாறிய வண்டி மீண்டும் சாலைக்கு வர முடியாது. இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. வழக்கமான வாகனக் காப்பீடு பந்தயத்தில் நேரும் சேதத்தை ஏற்பதில்லை. எனவே தடப் பைக் வைத்திருப்பவர் அதைச் சிறு சரக்கு வண்டியில் ஏற்றித்தான் தடத்துக்குக் கொண்டுபோகிறார். தவணை கட்டி முடியாத வண்டியாகவும் அது இருக்கலாம். முதல் நாளே சரளைக் குழியில் புரண்டால் அந்த நட்டம் முழுக்க அவருடையது. இந்தக் காரணத்தாலேயே பழைய வண்டியை வாங்கி மாற்றச் சொல்பவர்கள் அதிகம். ஆனால் பழைய வண்டியின் சட்டம் முன்பு எங்கே வளைந்தது, எஞ்சின் எப்படி நடத்தப்பட்டது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. புது வண்டியை மாற்றுபவர் கொடுக்கும் கூடுதல் விலை அந்தத் தெளிவுக்காகத்தான்.

கழற்றும் வேலையை நிறுவனமே செய்துதந்த ஒரு நிகழ்வு அண்மையில் நடந்தது. 1999இல் வெளிவந்த 600 சிசி யமாஹா ஆர்6 இருபது ஆண்டுகள் சாலையிலும் தடத்திலும் ஓடியது. ஐரோப்பாவின் யூரோ 5 புகை விதிகள் வந்தபோது, அவற்றுக்கேற்ப அந்த எஞ்சினை மாற்றி விற்பது யமாஹாவுக்குக் கட்டுப்படியாகவில்லை. சாலை மாடலின் விற்பனை அங்கே 2020ஆம் ஆண்டோடு நின்றது. 2021 முதல் அதே வண்டி, பதிவு செய்ய இயலாத, தடத்துக்கு மட்டுமான ஆர்6 ரேஸ் என்ற பெயரில் ஐரோப்பிய ஷோரூம்களில் விற்பனைக்கு வந்தது.